சாமிக்கு எடுத்த முதல் குடம்

எங்கள் தெருவில் குழாய் திறந்ததும் பிடிக்கிற முதல் குடம் வல்லக்கோட்டை முருகனுடையது. யாரும் கூடி உட்கார்ந்து பேசி வைத்த வழக்கம் இல்லை. தெருமுனைக் குழாயில் வரிசை கட்டி நின்ற காலத்திலேயே, முன்னால் நிற்பவள் பித்தளைக் குடம் வைத்திருந்தால் அவளோடு சண்டைக்குப் போகமாட்டோம். சாமிக்குப் பிடிக்கிறாள் என்று விட்டுவிடுவோம். பிளாஸ்டிக் குடம் என்றால்தான் எங்களுக்கு வாய் நீளும். பிறகு வீட்டுக்கு வீடு குழாய் வந்தது. வழக்கமும் கூடவே வீட்டுக்குள் வந்துவிட்டது.

ஒருநாள் விட்டு ஒருநாள் விடிகிற நேரத்தில் தண்ணீர் விடுவார்கள். குழாய் முதலில் காற்றைத்தான் விடும். பாம்பு சீறுவது போலச் சத்தம் வரும். பிறகு இருமும். அந்த இருமல் கேட்கும்போதே நான் குளித்து, தலையைத் துண்டால் கட்டிக்கொண்டு, புளி போட்டுத் தேய்த்த குடத்தோடு தயாராக நிற்பேன். முதல் குடத்துக்கு மஞ்சள் குங்குமம் வைத்துப் பூஜை அலமாரியின் கீழே வைப்பேன். அதிலிருந்து ஒரு செம்பு முருகன் படத்துக்கு முன்னால் போகும். பூஜை முடிந்ததும் வீட்டில் எல்லாருக்கும் உள்ளங்கையில் கொஞ்சம் தீர்த்தம். அதற்குப் பிறகு பிடிப்பதுதான் குடிக்க, சமைக்க, துவைக்க.

நான் எட்டாவது வரை படித்தவள். என் வீட்டுக்காரர் ஒரகடத்தில் காருக்குப் பம்பர் மாதிரி பிளாஸ்டிக் பாகங்கள் அடிக்கிற ஒரு கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறார். எங்களுக்குத் தெரிந்த படிப்பு அவ்வளவுதான். ஆனால் தண்ணீரைப் பற்றி எங்களுக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்திருந்தோம். கேன் போடுகிற பையனிடமிருந்து என் வீட்டுக்காரர் ஒரு மீட்டர் வாங்கி வைத்திருந்தார். பேனா மாதிரி இருக்கும். தண்ணீரில் முக்கினால் நம்பர் காட்டும். போர்வெல் தண்ணீரில் வைத்தால் நம்பர் எங்கேயோ ஏறும். குழாய்த் தண்ணீரில் வைத்தால் அடங்கி நிற்கும். அவர் அதைச் சட்டைப்பையில் சொருகிக்கொண்டு தெருவெல்லாம் போய் வைத்துக் காட்டி, நம்ம குழாய்த் தண்ணீர் கேன் தண்ணீருக்குச் சமம் என்று சொல்லிவிட்டு வருவார். டாக்டர் மாதிரி அவருக்கு ஒரு நடை வந்திருந்தது.

எங்கள் தெரு ஒரகடம் கூட்டுரோட்டுக்கும் வல்லக்கோட்டைக்கும் நடுவில் இருக்கிறது. ஆடிக் கிருத்திகைக்குக் குன்றத்தூர் பக்கத்திலிருந்து மஞ்சள் துணி கட்டிக்கொண்டு கூட்டம் கூட்டமாக நடந்து வருவார்கள். அவர்களுக்குத் தெருமுனைப் புங்கமரத்தடியில் பந்தல் போட்டு நாங்கள் பானகம் கொடுக்கிறோம். ஆரம்பித்தவர் எதிர்வீட்டு அக்கா. கூட்டுரோட்டில் அவர் மகன் பைக்கோடு லாரிக்கடியில் போனான். கால் இருக்குமா இருக்காதா என்று ஆஸ்பத்திரியில் சொல்லத் தயங்கினார்கள். என் பிள்ளை நடந்து வீட்டுக்கு வந்தால், உன்னைப் பார்க்க நடந்து வருகிறவர்களுக்கு என் உயிர் உள்ளவரை தண்ணீர் தருகிறேன் என்று அக்கா முருகனிடம் வேண்டிக்கொண்டார். பிள்ளை நடந்து வந்தான். ஒரு கால் கொஞ்சம் இழுக்கும். இப்போது ஒரு குடோனில் வேலைக்குப் போகிறான்.

பந்தலுக்கு வேறு தண்ணீர் கிடையாது. அன்றைக்கு ஒவ்வொரு வீட்டு முதல் குடமும் பந்தல் அண்டாவுக்கு வந்துவிடும். பெண்கள் வரிசையாகக் குடம் தூக்கி வந்து ஊற்றுவோம். அக்கா கற்பூரம் காட்டி, வெல்லம் கரைத்து, சுக்கும் ஏலக்காயும் தட்டிப் போட்டு, எலுமிச்சை பிழிவார். அந்தப் பானகத்தைக் குடித்தவர்கள் வாழ்த்திவிட்டுப் போவதைக் கேட்கவே நாங்கள் ஆண்டு முழுக்கக் காத்திருப்போம்.

இந்த ஆண்டு ஆடி பிறக்கும் முன்னால் ஏதோ கேபிள் போடுவதற்காகத் தெருமுனையைத் தோண்டினார்கள். தோண்டி, போட்டு, மூடிவிட்டுப் போய்விட்டார்கள். அங்கேதான் எங்கள் குடிநீர்ப் பைப்பும் சாக்கடைக் கால்வாயும் பக்கத்துப் பக்கத்தில் போகின்றன. அதைப் பற்றி அப்போது எவருக்கும் யோசனை இல்லை. கொஞ்ச நாளில் தெருவில் வீட்டுக்கு ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். எங்கள் வீட்டில் என் வீட்டுக்காரருக்கே வந்து, ஷிஃப்டுக்குப் போகாமல் படுத்தார். மாம்பழம் என்றார்கள், கேண்டீன் குஸ்கா என்றார்கள். குழாயை யாரும் சொல்லவில்லை. மீட்டர்தான் நல்ல நம்பர் காட்டுகிறதே.

கிராம நர்சம்மா வீடு வீடாக வந்தார். எங்கள் தெருவுக்குப் பழக்கமானவர். பிள்ளைகளுக்கு ஊசி போடுகிறவர். பையில் சின்னச் சின்னக் கண்ணாடிப் பாட்டில்கள் வைத்திருந்தார். அதில் தண்ணீர் பிடித்து ஓர் ஓரமாக வைத்துவிட வேண்டுமாம். தண்ணீரில் மலக்கழிவு கலந்திருந்தால் மறுநாளோ அதற்கு மறுநாளோ பாட்டில் கறுத்துவிடுமாம். என் வீட்டுக்காரர் படுத்த இடத்திலிருந்தே மீட்டரைக் காட்டி, இதைவிட வேறென்ன டெஸ்ட் வேண்டும் என்று கேட்டார்.

நர்சம்மா அதை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "இது தண்ணில உப்பு எவ்ளோன்னு சொல்லும்ண்ணே. கிருமி இருக்கான்னு கேட்டா இதுக்குத் தெரியாது."

என் வீட்டுக்காரர் முகம் சுருங்கிவிட்டது. மீட்டரைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

எந்தத் தண்ணீரை டெஸ்ட் செய்யலாம் என்று நர்சம்மா கேட்டபோது எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. சாமித் தண்ணீர் இருக்கிறது, அதைவிடச் சுத்தமான தண்ணீர் இந்த வீட்டில் கிடையாது என்று முதல் குடத்திலிருந்து பிடித்துக் கொடுத்தேன். அவர் அதையும் எடுத்துக்கொண்டார், பின்னால் பிடித்த எவர்சில்வர் குடத்திலிருந்தும் ஒரு பாட்டில் எடுத்துக்கொண்டார். வாசலில் நின்று பார்த்த எதிர்வீட்டு அக்கா, நம் தெருவுக்கு நல்ல பெயர் வரட்டும் என்று தன் வீட்டுச் சாமிக் குடத்தையும் பின்னால் பிடித்த குடத்தையும் தூக்கிக்கொண்டு வந்தார். எது எந்தத் தண்ணீர் என்று குழம்பிவிடக் கூடாது என்பதற்காக, சாமித் தண்ணீர்ப் பாட்டில்களின் கழுத்தில் நான் மஞ்சள் நூல் கட்டினேன். எல்லாவற்றையும் என் வீட்டு அலமாரியிலேயே வைத்துவிட்டு நர்சம்மா போனார்.

மறுநாள் விளக்கேற்றப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். மஞ்சள் நூல் கட்டிய பாட்டில்கள்தான் கறுத்திருந்தன. மற்றவை வைத்தது வைத்தபடி இருந்தன. நாள் முழுக்கத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தேன். கறுப்பு கூடிக்கொண்டுதான் போனது. முருகன் படத்துக்கு நேர் எதிரில் அது கறுத்து நின்றதை என்னால் பார்க்க முடியவில்லை. எடுத்து மறைத்து வைக்கவும் மனசு வரவில்லை.

அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். முதலில் நூலை மாற்றிக் கட்டிவிட்டாய் என்றார். பிறகு சாம்பிராணிப் புகை என்றார். அதன் பிறகு குடத்துக்குப் பூசிய மஞ்சள் என்றார். நர்சம்மா வந்ததும் அதையே கேட்டார். நர்சம்மா அக்காவைத் தட்டிப் பேசவில்லை. குடத்தாலும் இப்படி ஆகலாம் என்று ஒத்துக்கொண்டு, அடுத்த முறை குடமே வேண்டாம், குழாய் வாயிலிருந்து நேராகப் பாட்டிலில் பிடியுங்கள், நீங்களே பிடியுங்கள் என்று அக்காவின் கையில் இரண்டு புதுப் பாட்டில் கொடுத்தார்.

அடுத்து தண்ணீர் விட்ட அன்று அக்கா குளித்து, திருநீறு இட்டு, குழாய் இருமி முடிக்கிறவரை பாட்டிலை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார். முதல் தண்ணீரை ஒன்றில் பிடித்தார். பல குடம் ஓடிய பிறகு மற்றொன்றில் பிடித்தார். இந்தத் தடவை பாட்டில்களை என்னிடம் தரவில்லை. அவர் வீட்டு அலமாரியிலேயே வைத்துக்கொண்டார். முதல் தண்ணீர்ப் பாட்டில் அங்கேயும் கறுத்தது.

நர்சம்மா காரணத்தைச் சொன்னார். தண்ணீர் விடாத நாளில் பைப் காலியாகக் கிடக்கிறது. தோண்டும்போது எங்கேயோ ஜாயிண்ட் விட்டிருக்க வேண்டும். அந்த வழியாகச் சாக்கடை உள்ளே கசிந்து தேங்குகிறது. தண்ணீர் திறந்ததும் அந்த வேகத்தில் தேங்கியது எல்லாம் முதலில் வெளியே தள்ளப்படுகிறது. பின்னால் வருவது தேவலை. ஆனால் பாட்டில் கறுக்கவில்லை என்பதற்காகப் பின்னால் வருவதையும் அப்படியே குடித்துவிடக் கூடாது, கொதிக்க வையுங்கள், இல்லாவிட்டால் குளோரின் மாத்திரை போடுங்கள் என்றார். பைப்பைப் பற்றிப் புகார் எழுதிக் கொடுக்கத் தெருவே போய் வந்தது. பார்க்கிறோம் என்றார்கள். கிருத்திகையோ நெருங்கிவிட்டது.

எனக்கு அன்றைக்கே முடிவு தெரிந்துவிட்டது. அதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. வெயிலில் வெறுங்காலோடு நடந்து வருகிற ஒருத்தி, கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நம் பந்தலில் கை நீட்டுகிறாள். அவள் நம்பி நீட்டுகிற டம்ளரில் அந்தக் கறுப்பை ஊற்ற முடியாது. ஆனால் பந்தல் அக்காவுடையது. அவர் சரி என்றால்தான் அண்டாவில் தண்ணீர் மாறும்.

அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்து பேசினோம். என் வீட்டுக்காரரும் வந்தார். வயிறு சரியாகி, மீட்டரை எங்கோ வைத்துவிட்டு, கொஞ்சம் அடக்கமாக இருந்தார். கேன் தண்ணீர் வாங்கி ஊற்றிவிடலாம் என்றார். கடையில் வாங்கி ஊற்றத்தான் நான் வேண்டிக்கொண்டேனா என்று அக்கா ஒரே பேச்சில் அதை முடித்தார். பிறகு என் வீட்டுக்காரர் தன் கம்பெனிக் கதையைச் சொன்னார். ஷிஃப்ட் ஆரம்பித்து மெஷின் போட்டதும் முதலில் விழுகிற பீஸ்களை யாரும் பெட்டியில் போடமாட்டார்களாம், ஸ்க்ராப் என்று ஒதுக்கிவிடுவார்களாம். உள்ளே நின்ற பழைய பிளாஸ்டிக் கருகிப்போய் அதில் கலந்திருக்குமாம். அது வெளியே போன பிறகு விழுவதுதான் நல்ல பீஸாம்.

"ஏம்பா, என் முருகன் இன்னா உன் கம்பெனி பம்பரா?" என்றார் அக்கா. அவர் மகன் உள்ளே இருந்து சிரித்தான்.

நான் சமையலறைக் கதையைச் சொன்னேன். பொங்கலுக்கு அரிசி களைகிறோம். களைந்த முதல் தண்ணீரைச் சாமிக்கா வைக்கிறோம், கழுநீர் என்று மாட்டுக்குத்தானே ஊற்றுகிறோம். முதலில் வந்தது என்பதாலேயே ஒன்று உசத்தியாகிவிடாது என்றேன். அக்கா முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே மகன் இருக்கிற பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, குரலை இறக்கிப் பேசினார்.

"உங்களுக்கு இன்னா, சொல்லிட்டுப் பூடுவீங்க. அந்த முதல் குடத்துல என் புள்ள காலு கீது. இத்தினி வருசம் முதல் தண்ணி குடுத்துட்டு, இப்ப மிச்சத் தண்ணி குடுத்தா அவரு இன்னா நெனப்பாரு?"

அப்போதுதான் எனக்கு அவர் பயம் முழுதாகப் புரிந்தது. நாங்கள் தண்ணீரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். அவர் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே இன்னும் நின்றுகொண்டிருந்தார்.

வல்லக்கோட்டைக்குப் போய்ப் பூக் கட்டிப் போட்டுக் கேட்டுவிடலாம் என்றார் அக்கா. சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டிச் சாமி காலடியில் போட்டு, ஒன்றை எடுப்பது. சிவப்பு வந்தால் முதல் குடம், வெள்ளை வந்தால் மாற்றிக்கொள்வது. எனக்குப் பூவின் மேல் நம்பிக்கை உண்டு. என் மகள் கல்யாணத்துக்கே அப்படிக் கேட்டவள் நான். ஆனால் இதைக் கேட்கக் கூடாது என்று எனக்குத் தோன்றியது. போகலாம் என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் பஸ்ஸில் போனோம். கூட்டம் இல்லை. ஆள் உயரத்துக்கு மேலே நிற்கிற முருகன் அன்றைக்குச் சந்தனக் காப்பில் இருந்தார். அக்கா பொட்டலங்களை முடிந்து கையில் வைத்திருந்தார். அர்ச்சகர் கை நீட்டுவதற்கு முன்னால் நான் அக்காவின் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"கேக்க வேணாம்க்கா. அவரு சொல்லிட்டாரு. என் வூட்ல ஒருவாட்டி, உன் வூட்ல ஒருவாட்டி, நீயே கையால புடிச்சி வெச்ச பாட்டில்ல சொல்லிட்டாரு. தெரியாம நாம குடிச்சப்போ அவரு பாத்துக்கினாரு. தெரிஞ்சி குடுத்தா அது நம்ம மேல. நீ வேண்டிக்கினது நடந்து வர்றவங்களுக்குத் தண்ணி குடுக்குறேன்னுதான். முதல் குடம்னு நாமளா சேத்துக்கினது."

அவ்வளவு தைரியம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியாது. சந்நிதியில் நின்று சொன்னேன், பொய் சொல்ல முடியாத இடத்தில் நின்று சொன்னேன். அக்கா முருகனையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் இறங்கியது, துடைக்கவில்லை. பிறகு இரண்டு பொட்டலங்களையும் பிரித்து, சிவப்பையும் வெள்ளையையும் ஒன்றாகக் கலந்து அர்ச்சனைத் தட்டில் வைத்து, மகன் பெயருக்கு அர்ச்சனை செய்யச் சொன்னார்.

திரும்பி வரும்போது அக்கா பஸ்ஸில் பிரசாதப் பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். எங்கள் நிறுத்தம் வரும் நேரத்தில், "முதல் தண்ணிய எங்கதான் ஊத்துறது? சாக்கடைலயா? அதுக்கு எனக்கு மனசு வராது" என்றார்.

வாழைக்கு ஊற்றலாம் என்றேன். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு பின்னால் வாழை இருக்கிறது.

கிருத்திகை அன்று தண்ணீர் வந்தது. குழாய் சீறி, இருமி, தண்ணீர் விட்டபோது எங்கள் தெருவில் ஒருவரும் பித்தளைக் குடத்தை நீட்டவில்லை. பழைய பக்கெட்டுகளில் பிடித்துப் பின்பக்கம் கொண்டு போனோம். நன்றாக ஓடவிட்டு, அதற்குப் பிறகு குடம் வைத்தோம். அதற்கும் மஞ்சள் குங்குமம் வைத்தோம். மரியாதையில் குறைவில்லை. அக்கா வீட்டுப் பின்பக்கம் நான் எட்டிப் பார்த்தேன். பக்கெட்டை வாழை அடியில் கவிழ்க்கும் முன்னால் அவர் அந்தத் தண்ணீருக்கும் ஒரு கும்பிடு போட்டுக்கொண்டிருந்தார்.

அண்டா நிரம்பியதும் அக்கா வெல்லத்தைக் கொட்டப் போனார். நான் கையைப் பிடித்தேன். குளோரின் மாத்திரையை வெறும் தண்ணீரில் போட்டு அரைமணி நேரம் விட வேண்டும், வெல்லம் முன்னால் விழுந்தால் மருந்து வெல்லத்தோடு மல்லுக்கட்டி வீணாகிவிடும் என்று நர்சம்மா சொல்லியிருந்தார். அந்த அரைமணி நேரம் அக்காவுக்கு ஒரு யுகம். தூரத்தில் அரோகரா கேட்க ஆரம்பித்துவிட்டது. அண்டாவைப் பார்ப்பார், ரோட்டைப் பார்ப்பார், நான் போட்ட மாத்திரையின் மேல் இருக்கிற கோபத்தையெல்லாம் சுக்கின் மேல் காட்டித் தட்டுவார்.

நேரம் ஆனதும் வெல்லம் கரைத்தோம். முதல் டம்ளரை யாருக்கும் கொடுக்கவில்லை அக்கா. தானே எடுத்து, நின்றபடியே முழுதும் குடித்தார். இரண்டாவதை மகனிடம் நீட்டினார். அவனும் வாங்கிக் குடித்தான். அதற்குப் பிறகுதான் பந்தலுக்கு முன்னால் வந்து நின்று, நடந்து வந்தவர்களைக் கை தட்டிக் கூப்பிட்டார்.

குன்றத்தூர்க் கூட்டத்தில் காவடி தூக்கி வந்த ஒருவர் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரை முகர்ந்து பார்த்தார். "இன்னாம்மா, மருந்து வாசனை வருது?"

"மருந்துதான்பா. உன் வவுத்துக்கு நல்லது, குடி," என்றார் அக்கா. "நடந்து வந்த மாதிரியே நடந்து வூட்டுக்குப் போவணும் இல்ல?"

காவடிக்காரர் சிரித்துக்கொண்டே இன்னொரு டம்ளர் கேட்டார். சாயங்காலத்துக்குள் அண்டா காலி. அடியில் மிஞ்சிய சுக்கை நாங்கள் சுரண்டிக் குடித்தோம்.

ஆனாலும் ஒரு கவலை மிச்சம் இருந்தது. வந்தவர்கள் யார், எந்த ஊர், அவர்களுக்கு ஏதாவது ஆனால் நமக்கு எப்படித் தெரியும்? அடுத்த மாசக் கிருத்திகைக்கு அக்கா விடிந்ததிலிருந்து புங்கமரத்தடியில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். மாசாமாசம் நடக்கிற சின்னக் கூட்டம் வந்தது. அந்தக் காவடிக்காரர் வந்தார், அவர் கூட வந்தவர்கள் வந்தார்கள். அக்கா ஒவ்வொருவர் முகமாகப் பார்த்து, போன தடவை எல்லாரும் நல்லபடியாக வீடு போய்ச் சேர்ந்தீர்களா, யாருக்காவது வயிறு கியிறு ஆச்சா என்று விசாரித்தார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கால் கொப்புளத்தைத் தவிர ஒன்றும் இல்லை என்றார்கள். இன்றைக்குப் பானகம் இல்லையா என்று ஒருவர் கேட்டார்.

அக்கா என்னைப் பார்த்தார். எனக்குப் புரிந்தது. வீட்டுக்கு ஓடி, மாத்திரை போட்டு மூடி வைத்திருந்த குடத்தைத் தூக்கி வந்தேன். அன்றிலிருந்து எங்கள் பந்தலுக்கு மாசாமாசம் வேலை.

பைப்பை இப்போது சரி செய்துவிட்டார்கள். நர்சம்மா மறுபடியும் பாட்டில் வைத்துப் பார்த்தார், கறுக்கவில்லை. இருந்தாலும் முதல் தண்ணீர் எங்களுக்கு வாழைக்குத்தான். என் வீட்டுக்காரர் குழாய் திறக்கும்போது பக்கத்தில் வந்து நின்று, "ஸ்க்ராப் போவட்டும், ஸ்க்ராப் போவட்டும்" என்பார். அக்கா அதைக் கேட்டு எதிர்ப்பக்கத்திலிருந்து திட்டுவார். அவர் வீட்டு வாழை குலை தள்ளியிருக்கிறது. மகனைக் கூட ஒரு சீப்பு தொடவிடவில்லை. பழுத்ததும் நேராக வல்லக்கோட்டைக்குத்தான் போகுமாம்.